சோஃபாவோட முதுகைப் பாருங்க: பழைய டேனிஷ் சோஃபா பத்தி ஒரு அறிமுகம்

சோஃபா வாங்கப் போனா நாம என்ன பண்ணுவோம், உக்காந்து பாப்போம், கையால அமுக்கிப் பாப்போம், துணியா ரெக்சினான்னு கேப்போம், அவ்ளோதான். பின்பக்கத்தை யாரும் பாக்கறதில்ல, எப்படியும் அது செவுத்தோட ஒட்டித்தானே நிக்கப்போகுது. எங்க வீட்டு சோஃபாவுக்கு அடியில இருந்த கறுப்புத் துணி ஒருநாள் கிழிஞ்சு தொங்குச்சு, சரின்னு முழுசா கவுத்துப் பாத்தா உள்ள பேக்கிங் பெட்டிக்கு அடிக்கிற மாதிரி மெல்லிசா கட்டைங்க, நாலு துண்டு பிளைவுட், அதுமேல எண்ண முடியாத அளவு ஸ்டேப்ளர் பின். குத்தம் சொல்லல, குடுத்த காசுக்கு அது சரிதான். ஆனா அன்னிலேருந்து ஒரு சோஃபாவுக்குள்ள என்னதான் இருக்கும்ங்கற கிறுக்கு பிடிச்சிருச்சு, அந்தக் கிறுக்கு என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் டென்மார்க்.

டென்மார்க்னா நம்ம ஆளுங்களுக்கு தரங்கம்பாடி கோட்டை ஞாபகம் வரும், இல்லன்னா டப்பாவுல வர்ற பட்டர் பிஸ்கட் ஞாபகம் வரும். மேஜை நாற்காலி சேகரிக்கறவங்க கிட்ட கேட்டா வேற ஒண்ணு சொல்லுவாங்க: டேனிஷ் மாடர்ன். சுமாரா 1930கள்ல ஆரம்பிச்சு 1960கள் முடியற வரைக்கும் அந்த சின்ன நாட்டுல செஞ்ச மரச்சாமான்களுக்கு வந்த பேரு அது. அதை இங்கிலீஷ்ல பிரபலமாக்கினதுல பெரிய பங்கு அமெரிக்காக்காரங்களோடது, அவங்கதான் விழுந்து விழுந்து வாங்கினாங்க.

சரி, என்ன விசேஷம்? ஒரே ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். சாதாரண குண்டு சோஃபாவுல, அதாவது செஸ்டர்ஃபீல்டு மாதிரி பழைய ஐரோப்பிய சோஃபாவுல, மரச்சட்டம் உள்ள இருக்கும், அதுமேல ஸ்பிரிங், குதிரை முடி, பஞ்சு, கடைசியா துணியோ தோலோ. எலும்பு உள்ள, சதை வெளில. மரவேலை சுமாரா இருந்தாலும் யாருக்கும் தெரியாது, துணி மூடிரும். டேனிஷ்காரங்க பல சோஃபாவுல இதை அப்படியே உல்ட்டா பண்ணிட்டாங்க, எலும்புக்கூட்டைத் தூக்கி வெளில வச்சுட்டாங்க. கால், கை, முதுகுச் சட்டம், பின்னாடி வரிசையா நிக்கிற கம்பிங்க எல்லாம் கண்ணு முன்னாடி நிக்கும், குஷன் சும்மா மேல வச்சது, தூக்கினா கையோட வந்துரும். அப்படி வெளில வச்சுட்டா அப்புறம் ஒளிக்க எடமே இல்ல. ஒரு இணைப்பு கோணலா இருந்தா தெரியும், ரேகை ஒத்துப்போகலன்னா தெரியும், உப்புத்தாள் சரியாப் போடலன்னா கை வச்ச ஒடனே தெரியும். இதனாலதான் இந்த சோஃபாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பேச்சு குஷன்ல நிக்காம தச்சு வேலையில போய் நிக்குது.

இது யாரோ ஒருத்தருக்கு திடீர்னு தோணின ஐடியா இல்ல. கதை 1924ல ஆரம்பிக்குது, அந்த வருஷம் கோபன்ஹேகன்ல இருக்கற ராயல் அகாடமியில மரச்சாமான் வடிவமைப்புக்குன்னு ஒரு பிரிவு தொடங்கினாங்க, அதை நடத்தினவரு கோரே கிளிண்ட். மனுஷன் சரியான அளவுகோல் பைத்தியம். ஒரு அலமாரி வரையணும்னா மொதல்ல ஒரு வீட்டுல எத்தனை தட்டு, எத்தனை கரண்டி, எத்தனை சட்டை இருக்கும், மடிச்சா ஒவ்வொண்ணும் எவ்ளோ எடம் பிடிக்கும்னு அளந்துட்டுத்தான் பென்சிலையே எடுப்பாரு. நாற்காலின்னா உக்கார்றவங்க ஒடம்போட அளவு. அதோட இன்னொரு பழக்கம், புதுசா எதையாவது கண்டுபிடிச்சே ஆகணும்னு அடம்பிடிக்க மாட்டாரு. இங்கிலாந்து நாற்காலி, சீனா நாற்காலி, கப்பல் டெக்குல போடற நாற்காலின்னு ஏற்கனவே நல்லா வேலை செய்யற பழைய சாமானை எடுத்து, வேண்டாத அலங்காரத்தை எல்லாம் உரிச்சுட்டு, மிச்சம் நிக்கறதை மெருகேத்துவாரு. மாடர்ன்னு பேரு வாங்கின ஒரு இயக்கத்தோட அடிப்படையே பழசை ஒழுங்காப் படிக்கறதுதான்னு தெரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு.

பக்கத்துலயே இன்னொண்ணும் நடந்துட்டு இருந்துச்சு. கோபன்ஹேகன் தச்சர் சங்கத்துக்காரங்களுக்கு ஃபேக்டரி சாமானால பொழப்பு ஆட்டம் காண ஆரம்பிச்சது, அதனால 1927ல இருந்து வருஷா வருஷம் ஒரு கண்காட்சி வைக்க ஆரம்பிச்சாங்க, அது 1966 வரைக்கும் ஓடுச்சு, நடுவுல உலகப்போர் வந்து ஜெர்மன் படை நாட்டையே பிடிச்சு வச்சிருந்தப்போ கூட நிக்கல. போகப் போக அதுல ஒரு வழக்கம் வந்துச்சு, வரையறவரு ஒருத்தர், செய்யற தச்சர் ஒருத்தர், ரெண்டு பேரும் ஜோடி சேந்துதான் சாமானைக் கொண்டு வருவாங்க. ஃபின் யூல்க்கு நீல்ஸ் வொட்டர், ஹான்ஸ் வெக்னருக்கு யொஹன்னஸ் ஹான்சன், போர்கே மொகன்சனுக்கு எர்ஹார்ட் ராஸ்முசன், ஓலே வான்ஷருக்கு ஐவர்சன். பாட்டெழுதறவரும் மெட்டு போடறவரும் மாதிரின்னு வச்சுக்கங்களேன். இன்னிக்கு விலை பேசறப்போ டிசைனர் பேர் மட்டும் பெருசா அடிபடுது, அந்த தச்சர் இல்லன்னா பாதி டிசைன் பேப்பர்லயே செத்துப் போயிருக்கும்ங்கறது என் அபிப்ராயம். ஃபின் யூல் படிச்சது கட்டடக்கலை, தச்சு வேலை அவருக்கு முறையாத் தெரியாது, அவர் பாட்டுக்கு மரத்தை எலும்பு மாதிரி வளைச்சு நெளிச்சு வரைஞ்சு குடுப்பாரு, இது எங்க எப்படி ஒட்டும், எங்க ஒடையும்னு மண்டையைப் பிச்சுக்கிட்டது வொட்டர்.

இப்ப ஒரு சோஃபாவைக் கழட்டிப் பாப்போம், மனசுக்குள்ளதான்.

மொதல்ல மரம். அந்த ஊருக்குச் சொந்தம்னா ஓக், பீச் ரெண்டும்தான், விலை கம்மியான சாமானுக்கு பீச் நிறையப் போட்டாங்க. ஆனா போருக்கப்புறம் டேனிஷ் சோஃபான்னா எல்லார் கண்ணுலயும் நிக்கிற அந்தத் தேன் கலர், அது தேக்கு. நம்ம தேக்கேதான், டெக்டோனா கிராண்டிஸ். டேனிஷ்லயும் அதுக்குப் பேரு டீக்தான், அந்த வார்த்தை மலையாளம் தமிழ்ல இருக்கற தேக்குங்கற சொல்லு போர்ச்சுகீசியக்காரங்க வாய் வழியா ஐரோப்பாவுக்குப் போனது. மரம் முக்கியமா சயாம், பர்மா பக்கத்துல இருந்து கப்பல்ல போச்சு, சயாம்ல தேக்கு வியாபாரம் பண்றதுக்குன்னே கோபன்ஹேகன்ல ஈஸ்ட் ஏசியாட்டிக் கம்பெனின்னு ஒண்ணு 1897ல இருந்து இருந்துச்சு. தேக்கு வேலை பாக்க லேசு இல்ல, மரத்துக்குள்ளயே மணல் மாதிரி சிலிக்கா இருக்கு, உளியும் ரம்பமும் சீக்கிரம் மொட்டையாயிரும். மரத்துல இருக்கற எண்ணெய்ப் பசையால கோந்தும் லேசுல பிடிக்காது. கார்பைடு முனை வச்ச ரம்பம் வந்தப்புறம்தான் ஃபேக்டரி அளவுல தேக்கை அறுத்துத் தள்றது கட்டுப்படி ஆச்சு. காஸ்ட்லி ஐட்டம்ல பிரேசில் ரோஸ்வுட் வரும், சாக்லேட் கலர்ல கறுப்புக் கோடு ஓடும், நம்ம ஈட்டி மரத்தோட பங்காளி.

அடுத்தது இணைப்பு, இதுதான் உயிர். ஒரு கட்டையில சதுரமா துளை போட்டு, இன்னொரு கட்டையோட முனையை அதுக்கேத்த மாதிரி நாக்கு போலச் செதுக்கி உள்ள எறக்கி பசை போடறது, நம்ம ஊர் ஆசாரிங்க கதவு நிலைக்குப் பண்றது இதேதான், புதுசு ஒண்ணும் இல்ல. வித்தியாசம் என்னன்னா நம்ம கதவு நிலையில ரெண்டும் நேர்கட்டை, இவங்க சோஃபாவுல கை வந்து காலோட சேர்ற எடத்துல ரெண்டுமே வளைவு, ஒண்ணு உருண்டை இன்னொண்ணு தட்டை, ரெண்டும் சேர்ற கோடு எங்கன்னே தெரியாம ஓடணும். அதுக்கு என்ன பண்ணுவாங்கன்னா, சேத்து ஒட்டறப்போ கட்டையைக் கொஞ்சம் தடியாவே விட்டுட்டு, பசை காஞ்சப்புறம் இணைப்பையும் சேத்து கையால இழைச்சு எறக்குவாங்க. அதனாலதான் கண்ணை மூடிக்கிட்டு தடவினா கை முடிஞ்சு கால் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. சில எடத்துல இணைப்பை மறைக்காம வேணும்னே காட்டுவாங்க, விரலோட விரல் கோத்த மாதிரி பல்லு பல்லா தெரியும், வெக்னருக்கு அதுல ஒரு தனி ஆசை.

இந்த வெக்னர் செருப்பு தைக்கறவரோட மகன், டென்மார்க்கோட தெற்கு எல்லையில தொண்டர்ங்கற ஊரு (ஆமா, தமிழ்ல எழுதினா இப்படித்தான் வருது), பள்ளிக்கூடம் முடிஞ்சதும் 14 வயசுலயே தச்சர்கிட்ட தொழில் கத்துக்கப் போயிட்டாரு. அதனால அவர் வரைஞ்சதுல ஒரு தச்சனோட மூளை தெரியும், எங்க பாரம் விழுதோ அங்க கட்டை தடிக்கும், பாரம் இல்லாத எடத்துல மெலியும். சோஃபா காலும் இதே கணக்குதான், மேல தடிச்சு கீழ வர வர மெலிஞ்சுரும். அழகுக்கு மட்டும் இல்ல, மேல இணைப்புக்கு சதை வேணும், தரையில அந்த சதைக்கு வேலை இல்ல.

அப்புறம் உக்கார்ற எடம். குஷனைத் தூக்கினா கீழ என்ன தெரியும்ங்கறது சோஃபா எந்தக் காலம், எந்த ஃபேக்டரின்னு பொறுத்தது. சிலதுல குறுக்கால மரப்பட்டைங்க, சிலதுல வளைஞ்சு வளைஞ்சு போற தட்டை ஸ்பிரிங் கம்பி, நிறைய சோஃபாவுல ரப்பர் வார். இந்த ரப்பர் வாரு டயர் கம்பெனி பிரெல்லியோட சரக்கு, ரப்பருக்குள்ள நூல் வச்சு செஞ்ச பட்டை, சட்டத்துல இருக்கற பள்ளத்துல கிளிப் மாட்டி இழுத்து விட்டா போதும். அதுமேல வர்ற குஷனுக்குள்ள நல்ல சோஃபான்னா சின்னச் சின்ன சுருள் ஸ்பிரிங் வரிசையா இருக்கும், அதைச் சுத்தி பஞ்சு. முழு சோஃபாவுக்கும் சேத்து போடற ஸ்பிரிங் பெட்டியை ஒரு குஷன் கனத்துக்குள்ள அடக்கினதாலதான் மரச்சட்டத்தை அவ்ளோ ஒல்லியா வைக்க முடிஞ்சுது, இதை யாரும் பெருசா சொல்றதில்ல.

இந்த குஷன் கதையில ஒரு சுவாரசியமான ஆளு இருக்காரு, சார்லஸ் பிரான்ஸ். பேரு பிரான்ஸ், ஆளு இங்கிலாந்து, தொழில் டென்மார்க். டாவர்கோசன்னு ஒரு டேனிஷ்காரரோட சேந்து மெத்தை செஞ்சுட்டு இருந்தாரு, போருக்கப்புறம் மரச்சாமான்ல எறங்கினாரு. கையில ஏற்கனவே ஸ்பிரிங் மெத்தை வித்தை இருக்கு, சுத்தி ஊர் பூரா நல்ல டிசைனருங்க, போதாதா. ஃபின் யூல், ஓலே வான்ஷர், கிரெட்டே யால்க், பீட்டர் ஹ்விட் - மோல்கார்ட் நீல்சன் ஜோடின்னு பெரிய பேருங்க எல்லாம் அவருக்கு வரைஞ்சு குடுத்தாங்க. அவர் போட்ட கண்டிஷன் ஒண்ணு முக்கியம், சோஃபாவைக் கழட்டிப் பெட்டியில அடுக்கி கப்பல்ல ஏத்த முடியணும். கை தனி, முதுகு தனி, போல்ட்டு போட்டு போன எடத்துல மாட்டிக்கலாம். 1957ல கம்பெனி பேரு ஃபிரான்ஸ் அண்டு சன்னு மாறுச்சு, 1966ல பால் கடோவியுஸ்ங்கறவர் கைக்குப் போயிருச்சு. இன்னிக்கு விண்டேஜ் மார்க்கெட்ல சுத்தற தேக்கு சோஃபாவுல இவங்க சரக்கு ஏகப்பட்டது.

இங்கதான் ஒரு விஷயத்தை ஒடைச்சு சொல்லணும். டேனிஷ் மாடர்ன்னா தாத்தா ஒருத்தர் ஜன்னலோரம் உக்காந்து உளியால மாசக்கணக்குல செதுக்கினதுன்னு ஒரு படம் மனசுல ஓடும், விக்கறவங்களும் அந்தப் படத்தைத்தான் ஓட்டுவாங்க. கண்காட்சிக்குப் போன பீஸ், வொட்டர், யொஹன்னஸ் ஹான்சன் பட்டறையில இருந்து வந்த பீஸ் அப்படித்தான், ஆனா அதுங்க எண்ணிக்கையில ரொம்பக் கம்மி. வெளிநாட்டுக்குப் போனதுல பெரும்பாலானது ஃபேக்டரி சரக்கு, மிஷின் அறுத்தது, மிஷின் துளை போட்டது, கடைசி மெருகு மட்டும் கை. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. தச்சர் பட்டறையில படிச்ச பாடத்தை மிஷினுக்குச் சொல்லிக் குடுத்ததுதான் அவங்க சாதிச்சதுன்னே நான் சொல்லுவேன், ஏன்னா கையால மட்டும் செஞ்சிருந்தா பணக்காரங்க பத்து பேர் வீட்டோட முடிஞ்சு போயிருக்கும்.

இதுல ரொம்பப் பிடிவாதமா இருந்தவரு போர்கே மொகன்சன். கிளிண்ட்டோட சீடர், மொதல்ல தச்சர், அப்புறம் டிசைனர். 1942ல எஃப்டிபிங்கற கூட்டுறவு அமைப்போட மரச்சாமான் பிரிவுக்குத் தலைவரானாரு, நம்ம ஊர் கூட்டுறவுப் பண்டகசாலை மாதிரி டென்மார்க் முழுக்க கடை வச்சிருந்தவங்க. அவங்களுக்கு வேண்டியது சின்ன ஃபிளாட்டுல இருக்கற சாதாரணக் குடும்பம் வாங்கற விலையில, பல வருஷம் ஒழைக்கற சாமான். அந்த நாட்கள்ல, 1945ல, அவர் தச்சர் கண்காட்சிக்கு ஒரு சோஃபா கொண்டு வந்தாரு, ஸ்போக்பேக்னு இப்ப சொல்றாங்க. முதுகும் பக்கமும் முழுக்க ஒல்லி ஒல்லியா மரக்கம்பி, நம்ம ஜன்னல் கம்பி மாதிரி, உள்ள லூசா குஷன். ஒரு பக்கத்துக் கையைத் தோல் வாரால கட்டியிருக்கும், வாரை அவுத்தா கை வெளிப்பக்கமா சாயும், கால் நீட்டிப் படுத்துக்கலாம். கம்பி வச்ச முதுகு இங்கிலாந்து விண்ட்சர் நாற்காலிக் குடும்பத்தைச் சேந்தது, வார் கட்டி சாயற கை இங்கிலாந்துலயே இருக்கற நோல்ங்கற ரொம்பப் பழைய சோஃபாவுல இருந்து வந்தது, ரெண்டையும் சேத்து ஃபிளாட்டுக்குள்ள அடக்கிட்டாரு. அப்ப இருந்தவங்களுக்கு இது ரொம்ப ஓவரா பட்டிருக்கு, 1963ல ஃபிரெடெரிசியா கம்பெனி எடுத்துச் செய்யற வரைக்கும் சும்மாவே கெடந்துச்சு. பதினெட்டு வருஷம்!

வெக்னரோட சோஃபாவுல எனக்குப் பிடிச்சது 1954ல கெட்டாமாங்கற கம்பெனிக்காக வரைஞ்ச ஜிஇ 258. பகல்ல சோஃபா, ராத்திரி கட்டில். முதுகுச் சட்டத்தைத் தூக்கி விட்டா உள்ள எடம் அகலமாயிரும், பின்னாடி போர்வை தலகாணி வச்சுக்கவும் எடம் இருக்கு. ஒரே ரூம்ல குடும்பமே பொழங்கற வீட்டுல வளந்தவங்களுக்கு இதோட அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கெட்டாமாங்கற பேரைப் பிரிச்சா இன்னும் ஜோரா இருக்கும். கெட்ஸ்டெட்ங்கற ஊரு, தாங்னா கடல்பாசி, மெட்ராஸ்னா மெத்தை, மூணோட மொத எழுத்துங்களையும் சேத்தா கெட்டாமா. ஆமா, டேனிஷ்ல மெத்தைக்குப் பேரு மெட்ராஸ், நம்ம சென்னைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இங்கிலீஷ் மேட்ரஸோட சொந்தம்தான் அது. பக்கத்துல லிம்ஃபியோர்ட்ங்கற கடல் கழியில வளர்ற கடல்புல்லைக் காயவச்சு மெத்தைக்குள்ள அடைச்சு விக்கத்தான் 1899ல அந்தக் கம்பெனி தொடங்குச்சு. மெத்தைக்காரங்க வெக்னரைக் கூட்டி வந்ததாலதான் அவரோட சோஃபா கட்டில் சோஃபாவா ஆச்சோ என்னவோ.

எல்லா டேனிஷ் சோஃபாவும் எலும்பை வெளில காட்டாது, அதையும் சொல்லிடறேன். ஃபின் யூல் 1941ல வரைஞ்ச போயட் சோஃபா, தமிழ்ல கவிஞன்னு வச்சுக்கலாம், அது முழுக்கத் துணி மூடினது, ரெண்டு கையும் முன்னாடி வளைஞ்சு வந்து உக்காந்தவங்களை அணைச்சுக்கற மாதிரி இருக்கும், மரம்னு பாத்தா கால் மட்டும்தான். தன்னோட சொந்த வீட்டுக்காக வரைஞ்சது, அந்த வீடு கோபன்ஹேகனுக்குப் பக்கத்துல ஆர்ட்ருப்கார்ட் மியூசியத்தோட சேந்து இன்னிக்கும் இருக்கு. நேர் எதிரா மொகன்சன் 1962ல, அவரும் தன் வீட்டுக்காகத்தான், 2213ன்னு ஒரு சோஃபா வரைஞ்சாரு, நேர்கோடா ஒரு தோல் பெட்டி, லூசா தோல் குஷன், கீழ மரக்கால், அலங்காரம் சுத்தமா கிடையாது. மொத தடவை பாத்தப்போ ஏதோ வக்கீல் ஆபீஸ் சோஃபா மாதிரி இருக்கேன்னுதான் நெனச்சேன். கொஞ்ச நாள் போட்டோவா பாத்துட்டு இருந்தப்புறம்தான் அளவு எவ்ளோ கச்சிதம்னு ஒறைக்க ஆரம்பிச்சுது, கையோட ஒயரம் முதுகோட ஒயரத்துக்குப் பக்கத்துல வந்து நிக்கறதை எல்லாம்.

யூல் பண்ணின இன்னொரு வேலையை விட்டுட்டா பாவம். தாங்கறது வேற, தாங்கப்படறது வேறன்னு அவர் பிரிச்சாரு. மரச்சட்டம் ஒரு பக்கம் நிக்கும், இருக்கையும் முதுகும் அதுல படாம ஒரு இன்ச் தள்ளி மிதக்கற மாதிரி இருக்கும், நடுவுல சின்னக் குறுக்குக் கட்டைங்க மேலதான் உண்மையில உக்காந்திருக்கும். 1945 நாற்காலியிலயும், 1951ல அமெரிக்காவுல பேக்கர் கம்பெனிக்கு வரைஞ்ச சோஃபாவுலயும் இதைப் பாக்கலாம். பேக்கர் சோஃபாவுல முதுகே ரெண்டு துண்டா பிரிஞ்சு நடுவுல காத்து போகும்.

இப்ப தலைப்புக்கு வருவோம். அந்த ஊர் சோஃபாவுக்கு ஏன் முதுகு அவ்ளோ முக்கியம்னா, அதை நடு ரூம்ல போடறதுக்கும் சேத்துத்தான் வரைஞ்சாங்க. சின்ன ஃபிளாட்டுல சோஃபாவே சாப்பாட்டு மேஜைக்கும் உக்கார்ற எடத்துக்கும் நடுவுல தடுப்பு மாதிரி நிக்கும், பின்பக்கமும் ஆளுங்க கண்ணுல படும். அதனால பழைய சோஃபா ஏதாவது கண்ணுல பட்டா, வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க யாராவது வாங்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டா, மொதல்ல பின்னாடி போகச் சொல்லுங்க. முதுகுக் கம்பிங்க மேல் கட்டையில சேர்ற எடம் சுத்தமா இருக்கா, பின்பக்க மரமும் முன்பக்கம் மாதிரியே மெருகேறி இருக்கா, இல்ல கண்ணுக்குத் தெரியாதுன்னு சொரசொரன்னு விட்டுட்டாங்களா. அப்புறம் கவுத்துப் பாக்கச் சொல்லுங்க. வொட்டர் மாதிரி தச்சருங்க சூடு வச்சு முத்திரை குத்தியிருப்பாங்க, ஃபிரான்ஸ் அண்டு சன் சின்ன வட்டமா ஒரு மெட்டல் வில்லை பதிச்சிருப்பாங்க, டேனிஷ் மரச்சாமான் தரக்கட்டுப்பாட்டு முத்திரையும் சிலதுல இருக்கும். ஒண்ணுமே இல்லன்னாலும் போலின்னு அர்த்தம் இல்ல, பேர் தெரியாத சின்ன ஃபேக்டரிங்க நல்ல சோஃபா நிறைய செஞ்சிருக்காங்க. அதே நேரம் தேக்கா இருந்து கால் ஒல்லியா இருந்தா டேனிஷ்னும் இல்ல, ஸ்வீடன், நார்வேலயும் செஞ்சாங்க, இங்கிலாந்துல ஜி பிளான் கம்பெனி 1960களோட தொடக்கத்துல இப் கோஃபோட் லார்சன்ங்கற டேனிஷ்காரரையே கூப்பிட்டு வரையச் சொல்லி டேனிஷ் ரேஞ்சுன்னு வித்தாங்க.

வயசான சோஃபாவுல மொதல்ல போறது மரம் இல்ல, ரப்பரும் ஃபோமும்தான். பிரெல்லி வார் காஞ்சு வெடிச்சு தொங்கிப் போயிருக்கும், குஷனைத் தொட்டா பழைய ஃபோம் மஞ்சப் பொடியா கொட்டும். இதைப் பாத்து பயப்படவே வேண்டாம், ரெண்டும் மாத்தற சாமான்தான், புது வார் கெடைக்குது. பயப்பட வேண்டியது கையும் காலும் சேர்ற எடத்துல ஆட்டம் இருந்தா. அதுலயும் பசை விட்டுப்போன வெறும் ஆட்டம்னா பழைய பசையைச் சுரண்டிட்டுத் திரும்ப ஒட்டலாம், ஆனா யாரோ அவசரத்துல ஒரு ஸ்குருவை எறக்கி முறுக்கி விட்டு, உள்ள இருக்கற நாக்கே ஒடைஞ்சிருந்தா கஷ்டம். மேல கறை இருக்கேன்னு மிஷின் வச்சு தேய்ச்சு, பட்டறையில கையால எறக்கின அந்த விளிம்பு வளைவை எல்லாம் மழுக்கி விட்டிருந்தா அது இன்னும் பெரிய கொடுமை, கறையாவது போகும், போன மரம் வராது. ரோஸ்வுட்னா இன்னொரு தலைவலி, அழிஞ்சு போற ஆபத்துல இருக்கற மரம், மிருகங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட மொத பட்டியல்ல பிரேசில் ரோஸ்வுட்டை 1992ல சேத்துட்டாங்க, பழைய சோஃபாவா இருந்தாலும் நாடு விட்டு நாடு கொண்டுபோக பேப்பர் வேணும்.

துணி பத்தி ரெண்டு வரி. ஒரிஜினல் பெரும்பாலும் கம்பளித் துணி, அது அழுக்கைச் சீக்கிரம் உள்ள எடுக்காது, தேய்மானமும் கம்மி. நானா டிட்செல்ங்கற அம்மா 1965ல வரைஞ்ச ஹாலிங்டால் துணி இன்னும் நெய்யறாங்க, பழைய சோஃபாவுக்குத் துணி மாத்தறவங்க நிறைய பேரு அதைத்தான் தேடுவாங்க. துணி மாத்திட்டா மதிப்பு போயிருமேன்னு சிலபேர் கவலைப்படுவாங்க, லூசு குஷன் வச்ச சோஃபாவோட வசதியே அதுதானே, சட்டம் நிக்கும், உடுப்பு மாறும்.

கடைசியா பராமரிப்பு. தேக்குக்கு வார்னிஷ் பளபளப்பு எல்லாம் அவங்க அதிகம் போடல, எண்ணெய்தான், வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை துணியில தொட்டுத் தடவி, மிஞ்சினதைத் தொடைச்சு எடுத்துரணும், எடுக்கலன்னா பிசுபிசுன்னு தூசி ஒட்டும். ஓக் சோஃபாவுக்குப் பண்றதுதான் வேடிக்கை, சோப்பு. நெசமாவே சோப்புதான், வாசனை கலர் எதுவும் இல்லாத சோப்புச் சீவலை வெந்நீர்ல கரைச்சு, ஆறினதும் ஸ்பாஞ்சுல தொட்டு ரேகை போற பக்கமாவே தேய்ச்சு, உபரியைத் தொடைச்சுட்டுக் காய விடுவாங்க. மரத்தோட வெளுப்பு அப்படியே இருக்கும், நாளாக நாளாக மேல்பரப்பு வழவழன்னு ஆயிரும். தண்ணி பட்டதும் மரநார் சிலிர்த்துக்கும், காஞ்சதும் மெல்லிசு உப்புத்தாளால லேசா ஒரு தடவு தடவிட்டு அடுத்த பூச்சு. புது ஓக்னா இப்படி மூணு நாலு தடவை பண்ணுவாங்க, அப்புறம் வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கொஞ்சம் அடிக்கடி.